இரண்டு மூலைக்கும் நாற்பது அடி

அன்புள்ள கண்ணு,

ஷெட் போடப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. ஆள் வைக்காமல் நீயே மரக்கால் நட்டு, நீயே கூரை ஏற்றி, தரையும் நீயே போடுவதாகச் சொன்னாய். கேட்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, போனில் பாதிதான் வரும். அதனால் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அதைச் சொன்னாயா, இதைச் சொன்னாயா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நம் வீட்டுப் பின்னால் நிற்கும் ஷெட்டை நாங்கள் கட்டியபோது உனக்கு ஐந்து வயது. கூரை ஏற மூன்று வாரம் ஆனது. தரை போட்டு முடிக்க நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷக் கதையைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும்.

கூரை போட்டு முடித்த அன்று மழை வந்தது. நனைய வேண்டாமே என்று வண்டியை உள்ளே விட்டோம். மறுநாள் ஏணி போனது, அப்புறம் மீந்த மரம், அப்புறம் வீட்டில் இடமில்லாத சாமான் எல்லாம். ஒரு மாதத்தில் கால் வைக்க இடமில்லை. தரை போட வேண்டும் என்றால் அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் வைக்க இடமில்லை. கடைசியில் பாதியை ஒதுக்கிப் பாதித் தரை போட்டோம், மறுபாதியை அடுத்த வருஷம் போட்டோம். இன்றைக்கும் பெருக்கும்போது நடுவில் அந்த இணைப்பில் துடைப்பம் தட்டும். கூரைக்கு அடுத்து தரை, தரை முடிந்த பிறகுதான் சாமான். இந்த வரிசையை மட்டும் மாற்றாதே. வண்டி இன்னும் பத்து நாள் வெளியே நிற்கட்டும்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். அனுமதி வாங்குவதையும், மண்ணுக்கடியில் கரண்ட் கேபிள், தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று கேட்பதையும் குழி தோண்டும் முன் முடித்துவிடு. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

நீ சொன்ன அளவு 24 அடிக்கு 32 அடி. எட்டடிக்கு ஒரு கால் என்றால் சுற்றிலும் 14 கால். நூல் கட்டும்போது 3-4-5 கணக்கு உனக்குத் தெரியும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும், அப்போது மூலை நேர்மூலை. உன் ஷெட்டே அந்தக் கணக்குதான். 24, 32, மூலைக்கு மூலை 40. அதாவது ஒரு மூலைவிட்டம் 40 அடி வந்தால் போதாது, இன்னொன்றும் 40 அடி வர வேண்டும்.

நாங்களும் அதே அளவில்தான் கட்டினோம். எங்களுக்கு ஒன்று 40 அடி வந்தது, இன்னொன்று 40 அடி 2 அங்குலம். பொழுது சாய்ந்துவிட்டது. ஷெட்தானே, 2 அங்குலத்தில் என்ன என்று விட்டுவிட்டோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான்தான், சரி விடுங்கள் என்று சொன்னதும் நான்தான். மண்ணில் கண்ணுக்கே தெரியாத அந்தக் கோணல் கூரையில் வந்து நின்றது. முதல் ஷீட்டை விளிம்போடு ஒட்டி வைத்தால் மற்றதெல்லாம் படிப்படியாக இறங்குகிறது. நேராக வைத்தால் ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. ஓரத்தகட்டை அகலமாக வாங்கித்தான் மறைக்க முடிந்தது. பெரிய கதவும் அதனால்தான் இன்னமும் ஒரு பக்கம் உரசுகிறது. நூலைத் தளர்த்தி முளைக்குச்சியை நகர்த்த அன்றைக்குக் கால் மணி நேரம் போதும்.

குழி நாலடிக்குக் குறைய வேண்டாம். குளிரில் மண் உறையும் இடம் என்றால் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், ஏனென்றால் ஈரமண் உறையும்போது உப்பிக் காலையே மேலே தூக்கும். குழியின் அடியில் காங்கிரீட் மெத்தை போட்டு, அது இறுகிய பிறகு காலை நிறுத்து. மெத்தை எவ்வளவு அகலம் என்பது உன் மண்ணைப் பொறுத்தது, அதைப் பொறியாளரிடம் கேள். 32 அடிப் பக்கங்களில் மூலைகளுக்கு நடுவில் நிற்கும் ஒவ்வொரு காலும் 8-க்கு 12, அதாவது 96 சதுர அடிக் கூரையைத் தாங்குகிறது.

தாங்குவது பாதிக் கதைதான். தகரக் கூரைக்குக் கனம் குறைவு. காற்று உள்ளே புகுந்தால் அடியிலிருந்து நெட்டும், கூரைக்கு மேலே ஓடும் காற்றும் மேல்பக்கமாக உறிஞ்சும். புயலில் ஷெட் கீழே அமுங்குவதைவிடப் பிடுங்கிக்கொண்டு போவதுதான் அதிகம். அடியில் இருக்கும் மெத்தை அதற்கு உதவாது, கால் அதன்மேல் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் காலின் அடிப்பக்கம் இருபுறமும் கட்டை அடித்தோ, கம்பியைக் குறுக்கே செருகியோ, அதைச் சுற்றிக் காங்கிரீட் ஊற்று. மேலே தூக்கினால் அதன்மேல் இருக்கும் மண் முழுவதும் சேர்ந்து பிடிக்கும். அதே பிடி கைமரத்திலும் சட்டத்திலும் கடைசி ஸ்க்ரூ வரைக்கும் விடாமல் தொடர வேண்டும்.

மரம் வாங்கும்போது மண்ணில் புதைக்கத் தகுந்த மருந்து ஏற்றியதா என்று முத்திரையைப் பார்த்து வாங்கு. மண்ணுக்குள் ஆழத்தில் காற்று குறைவு, மேலே மரம் காய்ந்துவிடும். தரையை ஒட்டிய அந்த அரையடியில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கும், மக்குவது அங்கேதான் தொடங்கும். மருந்து மரத்தின் நடு வரைக்கும் ஏறியிருக்காது. அதனால் அறுத்த முனையை ஒருநாளும் மண்ணுக்குள் விடாதே. உயரம் கூடக் குறைய இருந்தால் மேலே அறுத்துக்கொள். எல்லாக் காலும் நின்ற பிறகு தண்ணீர் டியூப் வைத்து ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து அளந்து தலையை அறு. அறுத்த இடத்தில் மருந்து தடவு. இந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருப்பதால் சாதா ஆணியை அரித்துவிடும், ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் வாங்கு.

குழியை மூடும்போது மண்ணை மொத்தமாகத் தள்ளாதே. அரையடி போடு, சுற்றிச் சுற்றி இடி, கால் செங்குத்தாக நிற்கிறதா என்று குண்டுநூலைப் பார், அப்புறம் அடுத்த அரையடி. மூலைக்கால் ஒன்றில் நான் ஒரே பக்கம் நின்று இடித்துவிட்டேன். இடிக்க இடிக்க அது மெல்ல மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு நூலில் ஆடி நின்ற பிறகுதான் தெரிந்தது, மேலே மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நூல் கீழே ஒரு விரல் தள்ளி நின்றது. அந்தக் குழியைத் திரும்பத் தோண்டினோம்.

கைமரக் கூட்டை, அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தை, நீயே செய்ய வேண்டாம், கணக்குப் போட்டுச் செய்ததையே வாங்கு. வாங்கியதில் ஒரு கட்டையைக்கூட வெட்டாதே. அதை ஏற்றும் நாள்தான் எனக்குப் பயம். முதல் கூட்டுக்கு நாலு பக்கமும் முட்டுக் கொடு. ஒவ்வொன்றும் நின்றவுடன் முன்னதோடு சேர்த்துக் கட்டை அடி. அடிக்காமல் வரிசையாக நிறுத்தினால் ஒன்று சாயும்போது எல்லாம் சேர்ந்து சாயும். காற்று இருந்தால் அன்று வேலை வேண்டாம். துணைக்கு ஆள் இல்லாமல் ஏறவே ஏறாதே. இதில் எனக்கு நீ வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஷீட் வாங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்: அடிப்பக்கம் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஃபெல்ட் ஒட்டிய ஷீட்டா, வெறும் ஷீட்டா? நாங்கள் வெறும் தகரம் போட்டோம். இரவில் தகரம் குளிர்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகும். ஒரு விடியற்காலை உள்ளே போனேன். வெளியே மழை இல்லை, வானம் சுத்தமாக இருந்தது, உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. புதுத் தரை போட்ட மாதங்களில் அந்த ஈரமும் சேர்ந்து இன்னும் மோசம். அப்பாவின் இழைப்புளி துருப்பிடித்தது அப்படித்தான். கூரை ஏறிய பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு. கூரை முகட்டில் காற்றுப் போக வழியும் விடு.

ஸ்க்ரூ முடுக்கும்போது ரப்பர் வாஷரைப் பார்த்துக்கொண்டே முடுக்கு. தகட்டின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் புடைத்துத் தெரிந்தால் போதும். பிதுங்கி வெளியே வந்தால் சீக்கிரம் வெடித்து ஒழுகும், ஆடினால் இன்றைக்கே ஒழுகும். ஷீட்டை கிரைண்டரில் அறுக்காதே, சூட்டில் மேல்பூச்சு போய்விடும். தகரக் கத்தரியால் வெட்டினாலும் இரும்புத்தூளை அன்றே துடைத்துவிடு, இல்லையென்றால் ஒரே மழையில் புதுக்கூரையில் துருப்புள்ளி விழும்.

இனி தரை. ஊற்றும் முன் கரண்ட் பைப், தண்ணீர்ப் பைப் எங்கே வர வேண்டும் என்று யோசித்து அடியில் போட்டுவிடு. இப்போது தேவையில்லை என்று தோன்றினாலும் காலியாக ஒரு பைப் கிடக்கட்டும். தரைமட்டம் வெளிமண்ணைவிட அரையடியாவது உயர வேண்டும். ஜல்லி நாலு அங்குலம் இடித்து, மேலே கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் நாலு அங்குலக் காங்கிரீட். உன் அளவுக்கு 256 கன அடி வரும், ஒருநாளில் கையால் கலந்து முடியாது, கலந்ததை வரவழை. ஒவ்வொரு காலையும் சுற்றி மெல்லிய ஃபோம் பட்டை வை, காலோடு தரை ஒட்டினால் அந்த மூலையிலிருந்துதான் வெடிக்கும். மறுநாளுக்குள் காலிலிருந்து எதிர்க்காலுக்கு ஒரு அங்குல ஆழத்தில் கீறிவிடு. எட்டுக்கு எட்டாகப் பன்னிரண்டு கட்டம் வரும், வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டுக்குள் போய்விடும். பிறகு ஏழு நாள் ஈரம் காயவிடாதே. அந்த ஏழு நாளும் உள்ளே ஒரு சாமான்கூடப் போக வேண்டாம்.

அப்பா கதவைப் பற்றித் தனியாக எழுதுகிறாராம்.

நூல் கட்டி முடித்த அன்று இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து எனக்கு அனுப்பு. டேப்பைப் படம் எடுத்தே அனுப்பு. இரண்டும் 40 என்று நான் பார்த்த பிறகு குழி தோண்டு. கால் நிறுத்தும் அன்று நாங்கள் வந்துவிடுகிறோம். அப்பா முட்டுக் கொடுக்கட்டும், குண்டுநூலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா