மகளுக்கு: க்ளாஷ் பாட்டுகளில் என் வரிசை

அன்புள்ள மகளுக்கு,

லண்டனின் பங்க் ராக் குழு க்ளாஷின் சிறந்த பாட்டுகள் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. முதலாவது 'லண்டன் காலிங்', இரண்டாவது 'ராக் த கஸ்பா', மூன்றாவது 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ'. மெல்பனில் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போட்ட வரிசை என்று எழுதியிருந்தாய். நல்ல பாட்டுகள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த நாலு பேரின் பாட்டையும் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறவனுக்கு, அந்த வரிசையை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஃபோனில் இவ்வளவும் கதைக்க முடியாது, பாதியில் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எதை வைத்து வரிசைப்படுத்துகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1976, 77இல் லண்டனில் கோபமாகப் பாடிய குழுக்கள் எத்தனையோ. வேகமும் சத்தமும் எல்லோரிடமும் இருந்தன. க்ளாஷுக்குக் காது இருந்தது. பக்கத்து வீட்டில் என்ன பாட்டு ஓடுகிறது, தெருமுனையில் போலீஸ் யாரை மறித்து வைத்திருக்கிறது, எந்த ஊரில் எந்த ஆலை மூடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்தவனின் கதையைக் கேட்டுவிட்டு அவர்கள் பாடிய பாட்டுகள் எனக்கு மேலே, தங்கள் கோபத்தை மட்டும் பாடியவை கீழே.

ஆறாவதிலிருந்து தொடங்குகிறேன்: 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. இது அவர்களுடைய சொந்தப் பாட்டு இல்லை. ஜமெய்க்காவில் லீ 'ஸ்க்ராட்ச்' பெரி தயாரித்து ஜூனியர் மர்வின் பாடியது. 1976 கோடையில் லண்டனின் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் ஓயாமல் கேட்ட பாட்டு. அந்த ஆகஸ்ட் மாதம் நாட்டிங் ஹில் கார்னிவல் போலீஸோடு மோதலாகி முடிந்தது. க்ளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரமரும் பேஸ் கிட்டார் வாசித்த பால் சிமனனும் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குள் நின்றவர்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதியதுதான் 'வைட் ரயட்'. ஆல்பத்தில் அது இரண்டு நிமிடம்கூட ஓடாது. எல்லோரும் கொண்டாடுகிற அந்தப் பாட்டு என் வரிசையில் இல்லை. அதே கோடையிலிருந்து அவர்கள் எடுத்து வந்த இந்த ஜமெய்க்கா ரெகே பாட்டுத்தான் எனக்குப் பெரிது. 1977இல் வந்த முதல் ஆல்பத்தில் மற்றவை எல்லாம் அவசரமாக ஓடி முடிந்துவிட, இது மட்டும் ஆறு நிமிடம் நிதானமாக நடக்கும். ஒரு கிட்டார் தாளத்தின் மேலேயே விழும், மற்றது தாளங்களுக்கு நடுவில் விழும். குழுவின் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸின் மூளை அது.

நான் லண்டன் வந்த புதிதில் இரவு வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனில் என்னோடு ஒரு ஜமெய்க்காப் பெடியன் நின்றான். நடுச்சாமத்துக்குப் பிறகு கதவைப் பூட்டிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற இழுதட்டு வழியாகத்தான் காசு வாங்குவோம். அவன் கொண்டுவந்த கெசட்டின் ஒரு பக்கத்தில் ஜூனியர் மர்வின், மறுபக்கத்தில் க்ளாஷ். மூலப் பாட்டுத்தான் பாட்டு என்று அவன் சாதித்தான். குரல் என்று பார்த்தால் அவன் சொன்னது சரி, மர்வினின் அந்த மெல்லிய குரலுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரமரை வைக்க முடியாது. இருந்தும் கெசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு இரண்டையும் கேட்டோம். வெள்ளைக்காரப் பெடியள் அந்தப் பாட்டைத் தங்கள் முதல் ஆல்பத்திலேயே மரியாதையோடு பாடியிருந்தது அவனுக்கும் பிடித்திருந்தது.

ஐந்தாவது 'த கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. சிமனன் எழுதி, சிமனனே பாடியது. குழுவில் சேரும்போது அவருக்கு பேஸ் வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று கிட்டாரின் கழுத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு பழகியவர். அப்படிப்பட்டவர் உண்டாக்கிய அந்த பேஸ் நடையை ஒருமுறை கேட்டால் மறக்க முடியாது. 1990இல் பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற குழு அதை எடுத்து வேறொரு பாட்டுக்கு அடியில் போட்டது, அது இங்கே முதலிடத்துக்கே போனது. பாட்டு வந்தது 1979 டிசம்பரில், தென் லண்டனின் பிரிக்ஸ்டன் கலவரத்தில் எரிந்தது 1981 ஏப்ரலில். அந்த ஊரில் வளர்ந்தவர் என்றபடியால், வரப்போவது என்ன என்பது அவருக்கு முன்கூட்டியே விளங்கியிருக்கிறது. நாங்கள் நாலைந்து பெடியள் டூட்டிங்கில் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. பிரிக்ஸ்டன் கிட்டத்தில்தான். அந்த வாரம் வேலைக்குப் போய்வரவே பயம்.

நாலாவதுக்கு 'கம்ப்ளீட் கண்ட்ரோல்'. தங்களைக் கேட்காமல் ஒரு பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்ட கம்பனிமீதே கோபப்பட்டு எழுதி, அதே கம்பனியைக் கொண்டே வெளியிட வைத்த பாட்டு. தயாரித்தவர் யாரென்று நினைக்கிறாய்? அதே லீ பெரி. தன்னுடைய பாட்டை இவர்கள் பாடியதைக் கேட்டுவிட்டு இவர்களோடு வேலை செய்தார். நான் மேலே போட்ட விதிப்படி இது கீழே போகவேண்டியது, ஏனென்றால் முழுக்க முழுக்கச் சொந்தக் கோபம். ஆனால் அந்த முதல் கிட்டார் வெட்டுக்கு முன்னால் விதி நிற்காது, மகள். மூன்று நிமிடச் சொச்சத்தில் இதைவிடச் சிறந்த பங்க் பாட்டு யாரும் செய்யவில்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

உன்னுடைய முதலாவது என்னுடைய மூன்றாவது. 'லண்டன் காலிங்' பற்றி உனக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. யுத்த காலத்தில் பிபிசி உலகத்துக்குச் செய்தி சொல்லத் தொடங்குகிற வாசகம் அது. 1979இல் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்ததையும், தேம்ஸ் பெருகி லண்டனை மூழ்கடிக்கும் என்று இருந்த பயத்தையும் அந்த வாசகத்துக்குள் கொண்டுவந்தார் ஸ்ட்ரமர். யாழ்ப்பாணத்தில் உன் அப்பப்பா பிபிசி தமிழோசை கேட்கிற நேரத்தில் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. லண்டனிலிருந்து வருகிற குரலுக்கு அவ்வளவு மதிப்பு. அதே லண்டன் 'நாங்கள் மூழ்கப் போகிறோம்' என்று கூப்பிடுவதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டு முடிகிற இடத்தில் கிட்டார் மோர்ஸ் குறியீட்டில் எஸ்ஓஎஸ் அடிப்பதைக் கவனித்திருக்கிறாயா? ஹெட்ஃபோனில் கேள். அப்புறம், அதே பெயரில் வந்த ஆல்பத்தின் இரண்டு தட்டுகளையும் ஒரு தட்டின் விலைக்கே விற்கவேண்டும் என்று கம்பனியோடு மல்லுக்கட்டி வென்றார்கள். அடுத்து வந்த 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டு, 36 பாட்டு. அதை மலிவாகக் கொடுப்பதற்காக முதல் 2,00,000 பிரதிகளுக்குத் தங்களுக்கு வரவேண்டிய காசை விட்டுக்கொடுத்தார்கள். பேச்சிலும் பாட்டிலும் மட்டும் ஏழைகள்மேல் அன்பு வைத்தவர்கள் இல்லை.

இனி வருகிற இரண்டும் எனக்கு வேறு தரம்.

இரண்டாவது, 'வைட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பலே'. 1978 ஜூனில் வந்த பாட்டு. ஸ்ட்ரமர் ஹேமர்ஸ்மித் பலே மண்டபத்துக்கு விடியவிடிய நடக்கிற ரெகே நிகழ்ச்சி ஒன்றுக்குப் போகிறார். டிலிஞ்சர், லீராய் ஸ்மார்ட், டெல்ராய் வில்சன் எல்லோரும் பாடுகிறார்கள். கூட்டத்தில் வெள்ளைக்காரர் அவரைப்போல ஒரு சிலர்தான். போராட்டப் பாட்டுகளை எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது மினுக்கமான மேடை நிகழ்ச்சி. வேறொருவர் என்றால் வீட்டுக்கு வந்து அந்தப் பாடகர்களைக் குறைசொல்லிப் பாட்டு எழுதியிருப்பார். இவர் அங்கே நின்றபடியே தன்னைச் சுற்றிப் பார்க்கிறார். கறுப்புப் பெடியளுக்கும் வெள்ளைப் பெடியளுக்கும் துவக்கு எந்த வழியையும் காட்டாது, பணத்தை எல்லோருக்கும் பங்கிட வழி பாருங்கள் என்கிறார். கலகத்தைக் காசாக்குகிற புதுக் குழுக்களைத் திட்டுகிறார். ஹிட்லர் இன்றைக்கு வந்து இறங்கினாலும் இந்த நாட்டில் கார் அனுப்பி வரவேற்பார்கள் என்கிறார். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவாதக் கட்சி தெருவில் ஊர்வலம் போன காலம் என்பதை நினைத்துக்கொண்டு கேள். அந்தப் பாட்டு வருவதற்குச் சில வாரம் முன்னால், ஏப்ரல் 30ஆம் திகதி, நிறவாதத்துக்கு எதிராக விக்டோரியா பார்க்கில் நடந்த பெரிய இசை விழாவில் க்ளாஷ் பாடியிருந்தார்கள்.

அந்த நாட்களில் பங்க் பாட்டு என்றால் ஒரே ஓட்டம். இது ரெகே நடையில் மெதுவாக, மௌத் ஆர்கன் எல்லாம் சேர்த்துப் போகும். ரசிகர்கள் கைவிட்டுவிடுவார்களோ என்று பார்க்காமல் செய்தார்கள். ஸ்ட்ரமருக்கே மிகப் பிடித்த தன் பாட்டுகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் மெஸ்கலெரோஸ் குழுவோடு மேடை ஏறியபோதும் இதை விடாமல் பாடிவந்தார்.

அவரைப் போலி என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்பா பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சில் வேலை, பிறந்தது அங்காராவில், படித்தது விடுதிப் பள்ளியில், பிறகென்ன தொழிலாளிக் குரல் என்று கேட்பார்கள். எனக்கு அது ஒரு குற்றமாகவே தெரியவில்லை. 2002 நவம்பரில் தீயணைப்பு ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக ஆக்டன் டவுன் ஹாலில் பாடினார். பார்க்க வந்திருந்த மிக் ஜோன்ஸ் பொறுக்க முடியாமல் மேடையில் ஏறிக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். 1983இல் பிரிந்த இருவரும் அதற்குப் பிறகு ஒரே மேடையில் வாசித்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதம் 22ஆம் திகதி ஸ்ட்ரமர் இறந்துபோனார். பிறவியிலேயே இருந்து யாருக்கும் தெரியாமல் போன இருதயக் கோளாறு. ஐம்பது வயது. கடைசிவரை யார் பக்கம் நின்று பாடினார் என்று பார்த்தால் போதும்.

முதலாவது 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'. உன் பட்டியலில் இது பத்துக்குள்ளேயே இல்லை!

இந்தப் பாட்டை உனக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. 2008இல் நீ வீட்டில் ஓயாமல் போட்ட எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் ப்ளேன்ஸ்' தொடங்கும்போது மிதந்துவருகிற அந்தக் கிட்டார் இதிலிருந்து எடுத்ததுதான். அதனால்தான் அந்தப் பாட்டை எழுதியவர்களின் பெயர்களில் க்ளாஷ் நால்வரின் பெயரும் இருக்கிறது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தத்துக்குத் தப்பித் திரும்பி லண்டனுக்கே அகதியாக வந்த ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை, அகதிகளையும் விசாவையும் பற்றிப் பாட எத்தனையோ இசை இருக்க இதைத்தான் எடுத்திருக்கிறா. அது சரியான இடத்தில் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு அன்றைக்கே பட்டது.

மூலப் பாட்டு 1982 மே மாதம் 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் வந்தது. முதல் பகுதி, இரும்பாலைகள் துருப்பிடித்துக் கிடக்கிற இங்கிலாந்தின் வடக்கு நகரங்கள். அங்கே வந்து சேர்ந்தவர்களைப் பார்த்து, நீங்கள் இங்கே தேவையில்லை, நரகத்துக்குப் போங்கள் என்கிறது ஒரு குரல். அடுத்தது வியட்நாம். அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளை, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நிற்கிற படத்தைக் காட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அப்பாவிடம் கெஞ்சுகிறது. பதில் தெரிந்ததுதான். பிறகு நியூயார்க். கடைசியில், இது எந்த எல்லையாகவும் இருக்கலாம், இங்கே அடைக்கலம் கிடையாது என்று முடிகிறது. ஸ்ட்ரமர் எங்கேயும் கத்தவில்லை, களைத்துப்போன ஒருவன் பக்கத்தில் இருந்து சொல்கிறமாதிரிப் பாடுகிறார். ட்ரம் வாசித்த டாப்பர் ஹெடனின் தாளம் ராக்கும் இல்லை, ரெகேயும் இல்லை, பிரேசிலின் பொஸ்ஸா நோவாவுக்குக் கிட்ட வருகிற ஒரு உருட்டல். அதற்குள் கேட்கிற அடி, ஒரு சோடாப் போத்தலைத் துவாயால் சுற்றி எடுத்துப் பெரிய ட்ரம்மின் முன்பக்கத்தில் ஸ்ட்ரமரே அடித்தது. உன் இரண்டாவது பாட்டான 'ராக் த கஸ்பா'வின் இசையும் டாப்பருடையதே. ட்ரம், பியானோ, பேஸ் மூன்றையும் தனியாளாக வாசித்துவிட்டுப் போனவர். ஆல்பம் வந்த அதே மாதம் ஹெரோயின் பழக்கத்தால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு க்ளாஷ் பழைய க்ளாஷ் இல்லை.

பாட்டு வந்தபோது அது எங்களைப் பற்றியது என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வருடம், இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த ஜூலை வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது ஒரு புதுப் பெடியன் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பான். 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் ஹீத்ரோவில் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விமானத்தில் ஏற மறுத்த செய்தியைப் பெற்றோல் ஸ்டேஷன் டிவியில் பார்த்தேன். அன்றிரவு இந்தக் கெசட்டைப் போட்டபோது அந்தக் கடைசிப் பகுதியை முழுவதும் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன். எங்களைத் தெரியாத ஒருவர், ஐந்து வருடத்துக்கு முன்னரே, எங்களுக்குச் சொல்லப்போகிற பதிலை அப்படியே எழுதி வைத்திருந்தார். இதற்கு மேலே வைக்க என்னிடம் வேறு பாட்டு இல்லை.

ஆல்பத்தில் இருப்பது சுருக்கிய வடிவம். வெட்டாத முழுப் பாட்டு ஏறக்குறைய ஏழு நிமிடம் வரும், 'க்ளாஷ் ஆன் பிராட்வே' தொகுப்பில் இருக்கிறது. அதைத் தேடிக் கேள்.

'ஷுட் ஐ ஸ்டே' ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்து 1991இல் முதலிடம் பிடித்த பாட்டு. கலியாண வீட்டில் போட்டால் எல்லோரும் ஆடுவார்கள், நானும் ஆடுவேன், ஆனால் வரிசையில் சேர்க்கமாட்டேன். அந்த இடத்தில் 'ஸ்டே ஃப்ரீ'யை வை, சிறைக்குப் போன பள்ளிக்கூட நண்பனுக்கு மிக் எழுதியது.

அம்மாவின் முதலாவது 'லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்', அதையும் எழுதச் சொல்கிறா. மிக்கின் சின்ன வயது எப்படி இருந்திருக்கும் என்று ஸ்ட்ரமர் தானே நினைத்துப் பார்த்து எழுதி, பாட மிக்கிடமே கொடுத்த பாட்டு அது. என் விதிப்படி பார்த்தால் அது மேலே வரவேண்டும் என்று இன்று காலையிலிருந்து என்னோடு வாதாடுகிறா. ஞாயிறு நீ கூப்பிடும்போது முதலில் அவவோடு கதை.

அன்புடன்,
அப்பா