ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்று வந்தால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வயிற்றுக் கோளாறுக்கு மலப் பரிசோதனை செய்துகொள்பவர்களில் பலர், ரிப்போர்ட்டில் 'அமீபா சிஸ்ட்' (கெட்டியான உறைக்குள் அடங்கியிருக்கும் அமீபா) என்ற வரியைப் பார்த்ததும் நேரே மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நான்கு உட்கருக்களோடு வட்டமாக ஒரு சிஸ்ட் தெரியும். அது சீதபேதியும் ஈரலில் சீழ்க்கட்டியும் உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவாக இருக்கலாம். குடலில் பேசாமல் குடியிருக்கும் என்டமீபா டிஸ்பாராகவும் இருக்கலாம். பின்னதற்கு மருந்தே வேண்டாம். இரண்டும் வேறு வேறு இனம் என்று பிரெஞ்சு ஒட்டுண்ணியியல் அறிஞர் எமில் புரும்ப்ட் 1925-லேயே சொல்லிவிட்டார். உலகம் அதை ஒப்புக்கொள்ள 1993 வரை ஆயிற்று! எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சிஸ்ட்டை வைத்து எங்கள் டெக்னீஷியனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவேதான் 'ஹிஸ்டோலிட்டிகா/டிஸ்பார்' என்று இரண்டு பெயரையும் எழுதித் தருகிறோம். சிவப்பணுக்களை விழுங்கிவிட்டு நகர்ந்துகொண்டிருக்கும் அமீபா கண்ணில் பட்டால் சங்கதி வேறு; அது பெரும்பாலும் ஹிஸ்டோலிட்டிகாதான். உடனே மருத்துவருக்குப் போன் செய்துவிடுவோம்.

சந்தேகத்தைத் தீர்ப்பது பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை. மலத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, அந்தந்த இனத்துக்கே உரிய பகுதியைப் பெருக்கிப் பார்க்கிறோம். விலை கூடுதல்தான். ஆனாலும் தேவையில்லாத மாத்திரையைத் தவிர்க்க உதவும் என்பதால், மருத்துவர் எழுதினால் தயங்காதீர்கள்.

பேதி உண்டாக்கும் வேறொரு குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவில் மரபணு வகை பார்ப்பது இன்னொரு கதை. மனிதர்களிடம் பெரும்பாலும் காணப்படுபவை ஏ, பி என்ற இரண்டு வகைகள். சி, டி நாய்களுக்குரியவை. ஒரு விடுதியிலோ தெருவிலோ பலருக்கு ஒரே நேரத்தில் பேதி கண்டால், தொற்று எங்கிருந்து வந்தது என்று துப்பறிய இது உதவும். ஒருவருடைய சிகிச்சை பொதுவாக இதனால் மாறுவதில்லை. அதற்காகத் தனியாகக் காசு செலவழிக்காதீர்கள் என்பதே எங்கள் யோசனை.

சாம்பிள் விஷயத்தில் உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். தாமதித்தால் நகரும் அமீபா செத்துவிடும். சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது. ஒட்டுண்ணிகள் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாம்பிள் கேட்பது அதனால்தான்; பில்லை ஏற்ற அல்ல. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலோ பேரியம் எக்ஸ்ரே எடுத்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிசிஆருக்கு ஃபார்மலின் (சாம்பிளைக் கெடாமல் வைக்கும் திரவம்) ஊற்றிய டப்பா ஆகாது. கவுன்ட்டரில் கேட்டு வெறும் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்தார்