உறைக்குள் மூன்று கார்டு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம்தானே? ஃபோன் எடுக்க நேரமில்லை போலிருக்கிறது, பரவாயில்லை. “குளூடோவில் நான் மட்டும் ஏன் தோற்கிறேன்?” என்று நீ கேட்டு ஒன்றரை மாதமாகிறது. அதற்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. கேட்டதற்காவது பதில் எழுதலாமென்று உட்கார்ந்தேன்.

கொலை செய்தது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்று கண்டுபிடிக்கும் பலகை ஆட்டம் அது. 6 ஆட்கள், 6 ஆயுதங்கள், 9 அறைகள், ஆக 21 கார்டு. வகைக்கு ஒன்று உறைக்குள் போகிறது, அந்த மூன்றுதான் விடை, 324 விதமாகப் போகலாம். மீதி 18 கார்டைப் பங்கிடுவார்கள். மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 6. உன் கைக்கு வகைக்கு இரண்டாக வந்தால், வாய் திறக்கும் முன்பே 324 என்பது 112 ஆகிவிடும். நாலு பேர் என்றால் இருவருக்கு 5, இருவருக்கு 4. யாருக்கு எத்தனை என்று தாளின் மேலேயே எழுதிக்கொள். பென்சிலில் எழுது. அண்ணன் இதையெல்லாம் செய்ய மாட்டான், நீ செய்வாய், அது எனக்குத் தெரியும்.

உனக்குக் காட்டிய கார்டை மட்டும் அடித்துக்கொண்டே போவதுதான் நீ தோற்கக் காரணம். தாளில் கார்டுக்கு ஒரு வரி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி போடு. ஓர் ஆள், ஓர் ஆயுதம், ஓர் அறை என்று கேட்டதில் ஒன்றும் இல்லை என்று ஒருவர் கைவிரித்தால், அவர் பத்தியில் அந்த மூன்றுக்கும் பெருக்கல் குறி. வேறு யாருக்கோ ஏதோ ஒன்றைக் காட்டினால், மூன்று கட்டத்திலும் அந்தச் சுற்றின் எண்ணைச் சின்னதாகப் போடு. 7-ஆம் சுற்றில் பிளம் என்ற ஆள், கயிறு, நூலகம் என்று யாரோ கேட்க, அவர் ஒன்று காட்டினார் என்று வை. பிளம் வேறொருவரிடம் இருப்பதும், கயிறு உன் கையில் இருப்பதும் தெரிந்தால், அவர் காட்டியது நூலகம்தான். நீ பார்க்காத கார்டு! இப்படி ஒருவரின் 5 கார்டும் தெரிந்துவிட்டால் அவர் பத்தியில் மிச்சமெல்லாம் பெருக்கல். ஒரு வரியில் உன்னையும் சேர்த்து எல்லோருக்கும் பெருக்கல் விழுந்தால் அந்தக் கார்டு உறைக்குள்.

கேட்கும்போது உன் கையிலிருப்பதில் ஒன்றைச் சேர்த்துக் கேள். மஸ்டர்ட் என்ற ஆள் மேல் சந்தேகமென்றால், உன்னிடமுள்ள ஆயுதத்தைச் சொல்லி, உன்னிடமுள்ள அறையில் நின்று கேட்டால், வருகிற பதில் மஸ்டர்டைப் பற்றியது மட்டுமே. அடிக்கடி செய்யாதே, கண்டுபிடித்துவிடுவார்கள். காட்டும்போது, ஒருவரிடம் ஏற்கெனவே காட்டிய கார்டு திரும்ப வந்தால் அதையே காட்டு. புதிதாக ஒன்றை எதற்குத் தானம் செய்ய வேண்டும்? அறைதான் கடைசிவரை இழுக்கும். மூலை அறைகளின் ரகசிய வழியை மறந்துவிடாதே. பென்சிலில்தானே எழுதுகிறாய்?

எல்லோரும் சறுக்குவது ஓரிடத்தில். ஒருவர் மூன்றைச் சொல்லிக் கேட்கிறார், யாரிடமும் இல்லை. உடனே மூன்றும் உறைக்குள் என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டவர் கையிலேயே ஒன்றிரண்டு இருக்கலாம். அது யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கும் தோன்றவில்லை அம்மா. அந்த ரசீதைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டேன், எல்லோரும் இல்லை என்றார்கள், கடைசியில் உன் பக்கம் திரும்பினேன். பெரியத்தை முன்னால் வேறு. அது என் பழைய ஃபைலுக்குள்ளேயே இருந்தது. ஆடி மாதமே கிடைத்துவிட்டது. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

இன்னொரு விதியை எழுத விட்டுப்போச்சு. குற்றம் சாட்ட ஒருவருக்கு ஒரே வாய்ப்புதான். தப்பாகச் சாட்டியவர் உறையைத் தான் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும், அதன் பிறகு அவருக்குக் கேட்கும் முறை கிடையாது. ஆனால் எழுந்து போய்விட முடியாது. மற்றவர்கள் கேட்கும்போதெல்லாம் கையிலிருப்பதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ரசீதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா