நமது இசைத்தட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'ஒரு வருடம் முழுக்க ஒரே குழு' என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டபோது, பலர் மனதில் பீட்டில்ஸ்தான் இருந்தது. சீட்டுக் குலுக்கியதில் வந்ததோ ஆர்ச்சீஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் குழு. "சின்னப் பிள்ளைங்க பாட்டுக்கு ஒரு வருஷமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தே விட்டார். அதன்பிறகு ஒரு கூட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு மாலைகளில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையில் போயிற்று. டர்ன்டேபிளுக்கு பெல்ட் மாற்றப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

முதல் அமர்வில் பபிள்கம் பாப் பிறந்த கதையைப் பேசினோம். பள்ளிப் பிள்ளைகளைக் குறிவைத்து, வேகமான தாளத்தில், ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டு. 1968-ல் புத்தா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகக் கஸெனெட்ஸ், காட்ஸ் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் இதையே தொழிலாக நடத்தினார்கள். 'யம்மி யம்மி யம்மி' தட்டில் ஒஹையோ எக்ஸ்பிரஸ் என்று போட்டிருக்கும். பாடியது நியூயார்க் ஸ்டுடியோவில் இருந்த ஜோயி லெவின். அந்தப் பெயரில் ஊர் ஊராகப் போய் மேடையேறியவர்கள் வேறு ஆட்கள். ஆர்ச்சீஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அதற்கு மேடையேற ஆளே கிடையாது.

காரணம் டான் கிர்ஷ்னர். மங்கீஸ் என்ற தொலைக்காட்சிக் குழுவுக்குப் பாட்டு பிடித்துக் கொடுத்தவர் அவர். அந்த நால்வரும் 'இனி நாங்களே வாசிப்போம், எங்களுக்குப் பிடித்ததைத்தான் பாடுவோம்' என்று நின்றார்கள். தகராறு முற்றி, 1967 தொடக்கத்தில் கிர்ஷ்னரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்து அவர் கைக்கு வந்தது எதிர்த்துப் பேசவே முடியாத குழு. 1940-களிலிருந்தே காமிக்ஸில் இருந்த ஆர்ச்சி, ரெஜி, ஜக்ஹெட், பெட்டி, வெரோனிகா ஐவரையும் ஃபில்மேஷன் நிறுவனம் கார்ட்டூனாக்கி, 1968 செப்டம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சனிக்கிழமை காலைகளில் ஓடவிட்டது. நம்மில் பலருக்கு இவர்கள் வாடகை நூலகத்துக் காமிக்ஸில் பழக்கம். அவர்கள் பெயரில் நிஜமாகவே தட்டு வந்தது என்பது சிலருக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

ஜூலை அமர்வை 'சுகர், சுகர்' பாட்டுக்கு மட்டும் ஒதுக்கினோம். எழுதியவர்கள் ஜெஃப் பாரி, ஆண்டி கிம். முதன்மைக் குரல் ரான் டான்டே. திரையில் ஆர்ச்சி வாயசைக்க, பின்னால் டான்டே தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு கூட்டம் பாடுவதுபோல் காட்டியிருப்பார். உறுப்பினர்கள் கேட்டதால் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்தோம். அதுவரை அடக்கமாகப் போகிற பாட்டில், பாடகி டோனி வைன் ஒரே ஒரு வரியைத் தனியாக எடுத்துப் பாடுவார். அந்த இடத்தில் பாட்டே நிமிர்ந்து உட்காரும். எழுந்து நின்று ஆட்சேபித்தவர் கைதட்டியது அங்கேதான்.

ஆர்ச்சீஸ் என்றாலே முகம் சுளித்த வானொலிக்காரர்களிடம், சான் பிரான்சிஸ்கோவில் பெயரை மறைத்துத் தட்டைக் கொடுத்துதான் ஒலிபரப்ப வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1969 செப்டம்பர் 20 தேதியிட்ட, அமெரிக்காவின் வெற்றிப் பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியலில் ரோலிங் ஸ்டோன்ஸை இறக்கிவிட்டு இது முதலிடம் ஏறியது. அங்கே 4 வாரம், பிரிட்டனில் 8 வாரம் இறங்கவில்லை. வுட்ஸ்டாக் ராக் இசை விழா நடந்த அதே ஆண்டுக்கு பில்போர்டு கணக்கில் முதல் பாட்டும் இதுதான். அந்த அக்டோபரில் கஃப் லிங்க்ஸ் என்ற இன்னொரு பெயரில் 'ட்ரேசி' பாட்டும் முதல் பத்துக்குள் வந்தது. அதைப் பாடியதும் டான்டேதான்! தெருவில் போனால் அவரை யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது.

ஆர்ச்சீஸ் பாட்டுகள் காலை உணவுத் தானிய (சீரியல்) அட்டைப்பெட்டியின் முதுகிலும் வந்தன. அட்டையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, அதில் பள்ளம். பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டி, நடுவில் துளை போட்டு ஓட்டுவார்கள். அட்டை வளைந்து ஊசி துள்ளினால் மேலே ஒரு காசை வைப்பார்களாம். பதிவின் தரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

பிறகு இறக்கம். 'ஜிங்கிள் ஜாங்கிள்' 10-ஆம் இடம் வரை வந்தது. 1970-ல் 'ஹூஸ் யுவர் பேபி?' 40-ஆம் இடத்தோடு நின்றது. 1971-ல் கடைசி ஆல்பம், அவ்வளவுதான். வைன் சம்பளத் தகராறில் முன்பே விலகியிருந்தார். டான்டே, பாடகர் பேரி மேனிலோவின் தட்டுகளைத் தயாரிக்கப் போனார். கிம் 1974-ல் சொந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். 'சுகர், சுகர்' பாட்டை 1970-லேயே சோல் பாடகர் வில்சன் பிக்கெட் தன் கரகரக் குரலில் பாடி வெற்றி கண்டார். அதே ஆண்டு ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் குழுவும் பாடியது. கேலி செய்தவர்கள் இந்த இரண்டையும் கேட்க வேண்டும். நல்ல மெட்டு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி, பொதுக்குழு முடிவெடுக்க வேண்டிய விஷயம். நம் தட்டுப் பட்டியலில் 'பாடியவர்' கட்டத்தில் என்ன எழுதுவது? உறையில் இருக்கிற 'ஆர்ச்சீஸ்' போதும் என்று ஒரு தரப்பு. அது இல்லாத ஆள் என்று இன்னொரு தரப்பு. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது நமக்குப் புதிதல்ல. பின்னணிப் பாடகர் இல்லாமல் தமிழ் சினிமாவே இல்லை. ஆனால் டி.எம்.எஸ். பெயரும் சுசீலாம்மா பெயரும் தட்டிலேயே இருக்கும். ஆர்ச்சீஸ் உறையில் படமாக வரையப்பட்ட ஐந்து பிள்ளைகள்தான் சிரிக்கிறார்கள். கிர்ஷ்னர் தெரிந்தேதான் அப்படிச் செய்தார். அந்த வியாபாரத்தை நம் பட்டியலும் தொடர வேண்டியதில்லை. 'ரான் டான்டே, டோனி வைன், ஆண்டி கிம் (ஆர்ச்சீஸ் என்ற பெயரில்)' என்று எழுதலாம் என முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை தூக்கவும்.

கூடத்தைத் தந்த குடியிருப்போர் சங்கத்துக்கும், ஒவ்வொரு மாதமும் சுண்டல் கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி. அடுத்த ஆண்டுக் குழுவுக்கான சீட்டுகள் மேசைமேல் உள்ளன. ஆளுக்கு ஒன்றுதான்.

இப்படிக்கு,
செயலாளர்