சம்பளம் போதாத மாதங்களுக்கு

அன்பு மகளுக்கு,

வேலை முடிந்து வந்தபிறகு வேறு ஏதாவது செய்து கொஞ்சம் சம்பாதிக்க முடியுமா, ஆனால் போடுவதற்குக் கையில் பணம் இல்லையே என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் போடாமல் தொடங்குகிற வேலைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, மா. இந்த மாதம் உழைத்தால் இந்த மாதமே காசு வருவது ஒரு வகை. மாதக்கணக்கில் சும்மா உழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியது இன்னொரு வகை. உனக்கு இப்போது வேண்டியது முன்னது. யூடியூபைப் பின்னதில் வை. அங்கே விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் உன் வீடியோக்களை மக்கள் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்கிற உன் குட்டி வீடியோக்களை 1 கோடி முறை பார்த்திருக்க வேண்டும். ஆசை இருந்தால் செய், நான் தடுக்கவில்லை. வாடகைப் பணத்துக்கு மட்டும் அதை நம்பாதே.

என்னைக் கேட்டால் டியூஷன்தான் முதலில் வரும். பள்ளிக்கூடத்திலிருந்தே கணக்கு உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தால் பயணச் செலவும் இல்லை. முதல் வகுப்பில் பாடம் நடத்தாதே. ஒரு கணக்கைக் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல். நீ பேசாமல் இரு. பேனா எங்கே நிற்கிறது என்று பார். இயற்கணிதம் வரவில்லை என்று அனுப்பப்படும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தடுக்குவது பின்னமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் கழித்தல் குறியை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகத் தெரியாது. அதைச் சரிசெய்துவிட்டு, என்ன செய்தாய் என்று பெற்றோருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பு. அடுத்த பிள்ளையை அவர்களே கூட்டிவருவார்கள். நான் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்த காலத்தில் எனக்கு இப்படித்தான் பிள்ளைகள் சேர்ந்தார்கள், ஒரு நோட்டீஸ்கூட அடிக்கவில்லை.

அடுத்தது உன் எக்செல். சிறிய தொழில் செய்கிறவர்கள் பலர் பில்களைக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் தவிக்கிறார்கள். பாக்கிப் பட்டியல் ஒன்றும் மாத வரவுசெலவு ஒன்றும் போட்டுக்கொடுத்து, மாதாமாதம் அதைச் சரிபார்க்க ஒரு தொகை பேசிக்கொள். எக்செல் மாதிரியே இருக்கும் கூகுள் ஷீட்ஸ் இலவசம்தான், வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை. ஒரு தடவை செய்து முடிந்துபோகிற வேலையைவிட மாதாமாதம் திரும்பி வருகிற வேலை மேல்.

ஆடியோவைக் கேட்டு எழுதித்தரும் வேலை பற்றியும் கேட்டாய். அதில் கணக்குப் பார்த்து இறங்கு. ஒரு மணி நேரப் பதிவை எழுத, பழகிய கைக்கே நான்கு மணி நேரம் போல ஆகும். ஒரு மணி நேர ஆடியோவுக்கு இவ்வளவு என்று அவர்கள் சொல்லும் தொகையை நான்கால் வகு, அதுதான் உன் மணிக்கூலி. இப்போது மெஷினே முதல் பிரதியை எழுதிவிடுவதால், நிறைய இடங்களில் திருத்தும் வேலைதான் மிச்சம். அதற்குக் கூலியும் குறைவாகவே பேசுவார்கள். ஆன்லைனில் சின்னச் சின்ன வேலைகளை விற்கும் ஃபைவர் என்ற தளத்தில் சேர்ந்தால் விற்கிற தொகையில் 20 சதவீதம் அவர்களுக்குப் போய்விடும், அதையும் சேர்த்தே விலை வை. நேரடியாகப் பேசிப் பிடித்த வேலை என்றால் பாதியை முன்பணமாக வாங்கிவிட்டுத் தொடங்கு. கேட்கக் கூச்சப்படாதே. கொடுக்க மனமில்லாதவர் வேலை முடிந்தபிறகும் இழுத்தடிப்பார்.

கையில் சரக்கு இல்லாமலே ஆன்லைனில் விற்கலாம் என்பார்கள். சரக்குக்குப் பணம் வேண்டாம், சரி. விளம்பரத்துக்கு வேண்டுமே! உனக்கு அது இப்போது வேண்டாம். அதைவிட, வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருளைப் படம் எடுத்து விற்றுப்பார். வாங்குகிறவர்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதாவது தெரியவரும்.

இனி சொல்லப்போவதை இரண்டு தடவை படி. வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டு உன்னிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று பெயர் எதுவானாலும் கொடுக்காதே. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஒரு மெசேஜ் வரும். முதலில் சின்னத் தொகை உண்மையாகவே வந்து சேரும், அதில்தான் நம்பிக்கை பிறக்கும். அப்புறம் பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் உன் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள். எவ்வளவு கட்டினாலும் வெளியே வராது. உன் வங்கிக் கணக்கில் வருகிற பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டால் கமிஷன் என்று யாராவது சொன்னால், பதிலே போடாமல் பிளாக் செய். அது திருட்டுப் பணமாக இருக்கும், போலீஸ் உன் வாசலுக்குத்தான் வரும். உன் தோழியே சொன்னாலும் இதே பதில்தான், மா. ஏமாந்தவர்கள் ஏமாந்தது தெரியாமலே நாலு பேருக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

எதைத் தொடங்குவதற்கு முன்னாலும் ஆபீஸில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படி. வெளி வேலை செய்யக் கூடாது என்றோ, அனுமதி வாங்க வேண்டும் என்றோ அதில் இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலையைத் தொடாதே. வருகிற காசைத் தனியாகக் குறித்து வை, வரிக்கு ஒரு பங்கை ஒதுக்கு.

முதலில் தெரிந்தவர்கள் பத்துப் பேருக்கு மெசேஜ் அனுப்பு. "எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், சனி ஞாயிறு காலையில், முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை" என்று அந்த அளவில் இருந்தால் போதும். வாரநாள் இரவுகளை எடுத்துக்கொள்ளாதே, நீ தூங்க வேண்டும். எழுதியதை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு, கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா