கைக்கிளை அல்ல, பெருந்திணை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் சின்னத்திரைப் பக்கத்தில், 2022இல் வெளிவந்த 'கின்போர்ஷ்' என்னும் தாய்லாந்துத் தொடரைப் பற்றித் தங்கள் பத்தி எழுத்தாளர் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாந்தடவை வாசித்தது, முதற்தடவை என் கண்தான் பிழை விட்டதோ என்ற ஐயத்தினால். கண்ணில் பிழையில்லை. "இரு ஆண்களின் காதல் என்பதால் வெறி சற்றுத் தூக்கலாக இருப்பது இயல்பே, இதைத்தான் நம் முன்னோர் கைக்கிளை என்று போற்றினார்கள்" என்றே அச்சாகியிருந்தது.

தொல்காப்பியம் தாங்கள் அறியாததல்ல. ஆயினும் அந்தப் பக்கம் தங்கள் மேசையைக் கடந்துதானே அச்சுக்குப் போயிருக்கும் என்பதனால், முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவள் என்ற துணிவில் இதை எழுதுகிறேன். கைக்கிளை என்பது காதலை இன்னும் அறியாத இளையவளிடம் ஒருவன் பேசி, மறுமொழி கிடைக்காமலே தானாக மகிழ்ந்துகொள்வது. அதனால் அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. தங்கள் எழுத்தாளர் உருகி உருகி எழுதியிருக்கும் வேகஸ் என்பவனோ, பகைமை பாராட்டும் உறவுக் குடும்பத்தின் மெய்க்காவலனான பீட்டைப் பிடித்துச் சங்கிலியிட்டு வதைக்கிறான். 'தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்' என்று இதற்கு இலக்கணத்தில் வேறொரு பெயர் இருக்கிறது. அது பொருந்தாக் காமமாகிய பெருந்திணையின் பாற்பட்டது. பெருந்திணையை நம் முன்னோர் போற்றினார்கள் என்று நான் எந்த வகுப்பிலும் படிப்பித்ததில்லை.

தொடரைப் பாராமல் எழுதுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தியோடு இருந்து பார்த்தேன். நடித்த பிள்ளைகள் இருவரும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள்; வளர்த்த முள்ளெலி செத்துப்போய் வேகஸ் அழ, கட்டுண்டு கிடந்த பீட்டே அவனைத் தேற்றும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, அதை ஒளிப்பானேன். நான் முகம் சுழித்தபோது பேத்தி, "அம்மம்மா, அவன் செய்யிறது பிழை எண்டு தெரிஞ்சுதானே பாக்கிறம்" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது தங்கள் எழுத்தாளருக்குத் தெரியாமற்போனதுதான் என் மனத்தாங்கல்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காயல்ல. 1973ஆம் ஆண்டு, எனக்குப் பத்தொன்பது வயது. கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு பஸ்ஸில் தட்டெழுத்து வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு எதிரே, ஒரு காலைச் சைக்கிள் பெடலிலும் மறு காலை மதகிலும் ஊன்றிக்கொண்டு, எட்டு மாதம் நின்றார். ஒரு நாள் கிடுகு வேலியில் என் பெயர் எழுதிய துண்டு செருகியிருந்தது. பின்னர் பொலிடோல் என்ற பூச்சிமருந்தைக் குடிப்பேன் என்று சொல்லியனுப்பினார். குடிக்கவில்லை, நீண்ட காலம் சுகமாக வாழ்ந்தார். வகுப்பு நின்றது எனக்குத்தான். "அவன் உன்னில உயிராய் இருக்கிறான், கல்நெஞ்சுக்காரி" என்று என் சொந்த மாமியே என்னை ஏசினார். சைக்கிளோடு நின்றவரின் பெயரை நான் கேட்டறிந்ததுகூட வகுப்பு நின்ற பிறகுதான் என்பதை அங்கே எவரும் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

மடலேறுதலைப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்த ரலி சைக்கிள்தான் என் கண்முன் வந்து நிற்கும். பனைமட்டையிற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊரார் பார்க்கத் தெருவில் வந்து, பெண் வீட்டாரை வெட்கப்படுத்திப் பெண்ணைப் பெறுவது மடல். பனங்கருக்கு கையைக் கிழிக்கும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டறிந்த ஊரார் நாம், ஏறுபவனின் புண்ணைத்தான் எப்போதும் பார்த்துவிடுகிறோம். ஏறுவேன் என்று சொல்வதை ஒத்த காதலாகிய ஐந்திணைக்குள் பொறுத்துக்கொண்ட உரைமரபு, ஏறிவிட்டவனைப் பெருந்திணைக்குத் தள்ளியது. அந்த நுட்பம் தங்கள் பக்கத்தில் பாழாய்ப்போயிற்று.

'இரு ஆண்கள் என்பதால்' என்ற பகுதிக்கு வருகிறேன். என் வாசலில் நின்றவர் பெண்ணை விரும்பிய ஆண். நம் திரைப்படங்களில் அரை நூற்றாண்டாகப் பெண்ணைத் துரத்தித் துரத்திப் பாடிய கதாநாயகர்களும் அவ்விதமே. அந்தப் படங்களுக்கெல்லாம் தங்கள் இதழ் 'காவியக் காதல்' என்று எழுதியதை மறக்கவில்லை. அப்போது இயல்பாகத் தெரிந்த வெறிக்கு இப்போது மட்டும் காரணம் தேடுவானேன்? என்னிடம் படித்த ஒருவன் பல ஆண்டுகளாகத் தன் தோழனோடு ஒரே வீட்டில் வாழ்கிறான். அவன் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அந்தத் தோழன் ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சிப் போத்தலோடு நின்று, "நீங்கள் நோயாளிக்கு யார்?" என்ற கேள்விக்கு "கூட்டாளி" என்று தரையைப் பார்த்துச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் அவர்கள் சட்டப்படி மணமுடிக்கலாம். இங்கே இலங்கையில், அத்தகைய உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 365, 365அ பிரிவுகள், அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் கூறிய பின்னரும் நீக்கப்படவில்லை. அந்தக் கஞ்சிப் போத்தலைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரி வந்ததில்லை. சங்கிலிக்கு முழுப் பக்கம் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுத்த பெண்ணைக் கத்தியால் வெட்டியவனைப் பற்றிய செய்திக்கு 'ஒருதலைக் காதலால் விபரீதம்' என்று தலைப்பிடுவது தகாது என்று முன்பொரு தடவை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தேன். தாங்கள் அதை நான்கு வரியாக்கி, நான் தங்கள் செய்திப் பிரிவைப் பாராட்டியதுபோல் வெளியிட்டீர்கள். இடநெருக்கடி என்று நினைத்து ஆறுதலடைந்தேன். அடுத்த மாதமே அதே தலைப்பு, வேறொரு பெண்ணின் படத்தோடு வந்தது.

தாங்கள் அதிகம் சிரமப்பட வேண்டாம். வரும் ஞாயிறு இதழில், வழமையாகத் திருத்தம் போடும் அந்த மூலையில், 'கைக்கிளை என்பதைப் பெருந்திணை என்று திருத்தி வாசிக்கவும்' என்று ஒரு வரி போட்டால் போதும். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் முள்ளெலியை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், சைக்கிளை எடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கோண்டாவில்.