பெயரில் ஒன்று, பாடத்தில் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாம் படிவ எஸ்டிபிஎம் தேர்வை முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியு விண்ணப்பத்தை நிரப்பும் நம் பிள்ளைகளில் பலர், பெயரில் 'கணினி' இருந்தால் எல்லாப் பட்டமும் ஒன்றே என எண்ணிவிடுகின்றனர். கணினி அறிவியலில் கணிதமும், கணக்குகளைத் தீர்க்கும் படிமுறைகளான அல்காரிதமும் மிகுதி. தகவல் தொழில்நுட்பம் கணினி அமைப்புகளை நிறுவிப் பராமரிப்பதில் கருத்தூன்றுகிறது.

1972 முதல் சில்லு நிறுவனமான இன்டெல் இயங்கிவரும் நம் பினாங்கில், சில்லு வடிவமைப்பை விரும்பும் மாணவர் மின்னணுவியலும் கற்பிக்கும் கணினிப் பொறியியலையே முதலில் பார்க்க வேண்டும். பொறியாளர் வாரியத்தில் பதிவதாயின், அப்பட்டம் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பைப் பெற்றிருப்பதும் அவசியம். மாமன் மகன் படித்தான் என்பது ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது.

தனியார் கல்லூரியில் சேர்வோர், கட்டணம் செலுத்துமுன், படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அப்பட்டம் உள்ளதா எனப் பார்த்துவிடுவது நல்லது. விண்ணப்பக் காலத்திற்கு முன்பே இப்பட்டங்களின் பாடத்திட்டங்களைத் தங்கள் கல்விப் பக்கத்தில் ஒப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு